காணொளியும் காப்பீட்டுக் கோரிக்கையும்

நேயர்களுக்கு வணக்கம். மோட்டார் வாகனக் காப்பீட்டு நிறுவனங்கள் அனுப்பும் நிராகரிப்புக் கடிதங்களில் சில ஆண்டுகளாக ஒரு வாசகம் அடிக்கடி கண்ணில் படுகிறது. "எங்கள் விசாரணையில் கிடைத்த சிசிடிவி பதிவின்படி, கோரிக்கைப் படிவத்தில் தாங்கள் தெரிவித்துள்ள விவரங்கள் உண்மைக்கு மாறானவை, ஆகவே தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது" என்பதே அது. கடிதத்தைப் பெற்றவர்களில் பலர், கேமராவே சொல்லிவிட்ட பிறகு நாம் பேச என்ன இருக்கிறது என்று எண்ணி அத்தோடு விட்டுவிடுகிறார்கள். விபத்து வழக்குகளை நடத்தி வருபவன் என்ற முறையில், அப்படி விட்டுவிட வேண்டியதில்லை என்பதை விளக்கவே வந்திருக்கிறேன். சட்டத்தின் பார்வையில் காணொளி என்பது ஓர் ஆவணம். பத்திரத்தில் நடுவிலுள்ள ஒரு பக்கத்தை மட்டும் காட்டி ஒருவர் நிலத்தை உரிமை கொண்டாடினால் முழுப் பத்திரத்தையும் கொண்டுவாருங்கள் என்று கேட்போம் அல்லவா, அதே கேள்வியைக் காணொளியைக் காட்டுபவரிடமும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

முதலில் ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு விடியற்காலையில் தக்காளி ஏற்றிச் சென்ற குட்டி யானை ஒன்று, எதிரே குறுக்கிட்ட மாட்டுக்காக ஒடித்ததில் இடப்பக்கம் புளியமரத்தில் மோதியது. ஓட்டுநருக்கு முறையான உரிமம் இருந்தது. பாலிசியும் நடப்பில் இருந்தது. ஆனால் உரிமம் இல்லாத ஓர் இளைஞர்தான் வண்டியை ஓட்டினார் என்றும், பின்னர் ஓட்டுநரின் பெயர் மாற்றப்பட்டது என்றும் கூறி நிறுவனம் கோரிக்கையை மறுத்தது. எதிரே இருந்த பெட்ரோல் பங்கின் கேமராவில் பதிவான, ஒரு நிமிடம்கூட இல்லாத துணுக்கு ஒன்றுதான் அதற்கு ஆதாரம். அதில் ஓர் இளைஞர் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்குவது தெளிவாகவே தெரிந்தது.

வண்டியின் உரிமையாளர் ஒரு காரியம் செய்திருந்தார். சிதறிய தக்காளிப் பெட்டிகளை யார் யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று பார்ப்பதற்காக, அதே வாரத்தில் பங்க் மேலாளரிடம் கேட்டு, அந்த ஒரு மணி நேரப் பதிவு முழுவதையும் பென் டிரைவில் வாங்கி வைத்திருந்தார். அதை முன்னோக்கி ஓடவிட்டபோது கதை வேறாக இருந்தது. மோதிய சில நொடிகளில் ஓட்டுநர் வலப்பக்கமாக இறங்கி, வண்டியைச் சுற்றி ஓடி, நசுங்கிய இடப்பக்கத்திலிருந்து உதவியாளரை வெளியே இழுக்கிறார். பிறகு கூட்டம் சேருகிறது. சாலையை மறித்து நின்ற வண்டியை ஓரங்கட்டுவதற்காக, கூட்டத்திலிருந்த இளைஞர் ஒருவர் ஏறி நியூட்ரலுக்கு மாற்றி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் தள்ளுகிறார்கள். தள்ளி முடிந்ததும் அவர் இறங்குகிறார். நிறுவனம் காட்டிய துணுக்கு, அவர் இறங்கும் அந்தக் கட்டத்தில்தான் தொடங்கியது.

அந்த வழக்கில் இன்னும் இரண்டு கோளாறுகள் இருந்தன. நிறுவனம் அமர்த்திய விசாரணையாளரின் அறிக்கை, ஓட்டுநர் கறுப்புச் சட்டை அணிந்திருந்ததாகக் காவல் நிலையத்தில் சொல்லப்பட்டிருக்கிறது, ஆனால் பதிவில் கறுப்புச் சட்டைக்காரர் எவரும் இல்லை என்று வாதிட்டது. இருட்டில் பெரும்பாலான கேமராக்கள் அகச்சிவப்பு ஒளியில் கறுப்பு வெள்ளையாகவே பதிவு செய்யும் என்பதும், சில வகைக் கறுப்புத் துணிகள் அந்த ஒளியை எதிரொளித்து வெளுப்பாகத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அடுத்தது நேரம். திரையின் மூலையில் விபத்து நேரமாக 05:23 என்று ஓடுகிறது. 108 ஆம்புலன்ஸுக்கு அழைப்பு போனதோ 05:12 மணிக்கு. விபத்து நடப்பதற்கு முன்பே ஆம்புலன்ஸை அழைத்திருக்கிறார்கள், ஆகவே இது திட்டமிட்ட நாடகம் என்பது நிறுவனத்தின் முடிவு. பங்கில் கேமராக் காட்சிகளைச் சேமிக்கும் டிவிஆர் கருவியின் கடிகாரம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது என்பதைப் பங்கிலேயே போய்க் கைப்பேசி நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். இணையத்துடன் இணைக்கப்படாத டிவிஆர்களின் கடிகாரம் நாளாக ஆகப் பிசகுவது மிகச் சாதாரணம். முழுப் பதிவையும், 108 அழைப்பின் பதிவையும், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையையும் வைத்து, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மேனிடம் மனுச் செய்தோம். விசாரணை முடிவதற்குள்ளாகவே நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டது.

நிறுவனங்கள் சந்தேகப்படவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உத்தரப் பிரதேசத்தில் போலி விபத்துக் கோரிக்கைகளை ஆராயச் சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைக்க வேண்டியிருந்தது. 2021இல் உச்ச நீதிமன்றமும் அதைக் கடுமையாக எடுத்துக்கொண்டது. போலிகளுக்குப் போகும் பணம் ஒழுங்காகப் பிரீமியம் கட்டுபவரின் பையிலிருந்துதான் போகிறது. ஆனால் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. பாலிசியின் நிபந்தனை மீறப்பட்டது என்று சொல்லும் நிறுவனம்தான் அந்த மீறலை நிரூபிக்க வேண்டும் என்பதை ஸ்வரன் சிங் வழக்கில் 2004ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

ஆகவே இத்தகைய கடிதம் வந்தால், அந்தக் காணொளியைக் கேட்டு எழுதுவதே முதல் வேலை. எந்தக் கேமரா, யாருக்குச் சொந்தமானது, எந்தத் தேதியில் யார் நகல் எடுத்தார், முழுப் பதிவு எங்கே இருக்கிறது ஆகிய கேள்விகளைப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் கேளுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் பெற்றவர். அவருடைய அறிக்கைகூட முடிந்த முடிவல்ல, தக்க ஆதாரம் இருந்தால் அதை ஒதுக்கலாம் என்று பிரதீப் குமார் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அப்படியிருக்க, நிறுவனம் தானே அமர்த்திய தனியார் விசாரணையாளரின் அறிக்கைக்கு அதைவிடப் பெரிய மதிப்பு இருக்க முடியாது. கேட்டும் முழுப் பதிவைத் தர மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்குப் பயன்படும். வாரணாசி விடுதி ஒன்றில் நடந்த மரணம் தொடர்பான வழக்கில், கையிலிருந்திருக்கக்கூடிய சிசிடிவி பதிவை அரசுத் தரப்பு முன்வைக்காததை அத்தரப்புக்கு எதிராகவே 2015இல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அது குற்ற வழக்குதான் என்றாலும், கையிலுள்ள சான்றை ஒளிப்பவருக்கு எதிராக ஊகிக்கலாம் என்ற விதி எல்லா வழக்குக்கும் பொது.

இனிச் சான்றிதழ். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் நடைமுறைக்கு வந்துள்ளது. பழைய 65பி பிரிவின் இடத்தில் இப்போது 63ஆவது பிரிவு. மின்னணுப் பதிவின் நகலை முன்வைப்பவர் இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழைத் தர வேண்டும். ஒன்றைச் சாதனத்துக்குப் பொறுப்பானவரும் மற்றொன்றை நிபுணரும் கையொப்பமிட்டுத் தர வேண்டும். பதிவின் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். கோப்பில் ஒரு சிறு மாற்றம் செய்தாலும் மாறிவிடக்கூடிய எண்தொடர்தான் ஹாஷ் மதிப்பு. அசல் டிவிஆரையே உரிமையாளர் கொண்டுவந்து சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை. நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம், அசலுக்குத் தேவையில்லை என்பதைப் பழைய சட்டத்தின் கீழேயே உறுதிசெய்த 2020ஆம் ஆண்டின் அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பு, மகாராஷ்டிரத்தில் ஒரு வேட்புமனு உரிய நேரத்துக்குள் தாக்கல் செய்யப்பட்டதா என்பதைக் காணொளியைக் கொண்டு தீர்மானிக்க நேர்ந்த தேர்தல் வழக்கில் வந்தது.

ஆனால் சான்றிதழ் இல்லை என்ற ஒரே வாதத்தை நம்பிப் போகாதீர்கள் என்பது என் கருத்து. நுகர்வோர் ஆணையமும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமும் சாட்சியச் சட்டத்தின் கறாரான விதிகளுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. எங்கள் தொழிலில் சிலர் காணொளியை ஒருமுறைகூட முழுதாகப் பார்க்காமல் சான்றிதழ் ஆட்சேபத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். உட்கார்ந்து பார்த்தால்தான் ஓட்டை தெரியும்.

வேகத்தைப் பற்றிய வாதத்தில் இது இன்னும் உண்மை. வண்டி அதிவேகமாக வந்ததைக் காணொளி காட்டுகிறது என்பார்கள். காணொளி என்பது அடுத்தடுத்து எடுத்த நிழற்படங்களின் தொகுப்பு. நொடிக்கு எத்தனை படம் என்பது தெரியாமல் வேகத்தைக் கணக்கிட முடியாது. சாலையில் நாடா வைத்து அளந்த 10 மீட்டரை ஒரு வண்டி 20 படங்களில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 25 படம் என்றால் அது 0.8 நொடி, வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். அந்த டிவிஆர் உண்மையில் நொடிக்கு 15 படம்தான் எடுத்தது என்றால் அதே காட்சியில் வேகம் 27 கிலோமீட்டர். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது கோப்பு சுருக்கப்பட்டு, பதிவைப் பற்றிய உள்விவரங்களும் போய்விடும். டிவிஆர் திரையைக் கைப்பேசியால் படம்பிடித்து அனுப்பியிருந்தால் அதை வைத்து வேகம் சொல்லவே கூடாது. இரு சக்கர வாகன விபத்துகளில், அடிபட்டவர் மீதும் பாதித் தவறு என்று காட்டி இழப்பீட்டைக் குறைப்பதற்கும் இத்தகைய பதிவுகளே பயன்படுத்தப்படுகின்றன. அங்கும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

காணொளி தமக்கு எதிராக இருக்குமோ என்று அஞ்சி, வண்டிக்குள் பொருத்திய டேஷ்கேம் கேமராவின் பதிவை அழித்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். வண்டியின் சொந்தச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பாலிசி, ஓட்டுநர் கவனக்குறைவாக இருந்தார் என்பதற்காக மட்டும் மறுக்கப்படுவதில்லை. ஓட்டுநரின் கவனப் பிசகால் வரும் சேதத்துக்கும் சேர்த்துத்தான் பிரீமியம் கட்டுகிறோம். குடிபோதை, உரிமமின்மை போன்றவை வேறு. தன் தவறைக் காட்டும் பதிவை ஒளித்து, படிவத்தில் வேறு கதை எழுதி, அந்தக் கதை பொய் என்று பக்கத்துக் கடைக் கேமரா காட்டிக்கொடுத்து, வந்திருக்க வேண்டிய பணத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். படிவத்தைச் சர்வீஸ் சென்டர் ஊழியர் நிரப்பிக் கொடுத்தாலும் கையெழுத்து உங்களுடையது, படித்துவிட்டுப் போடுங்கள்.

டிவிஆரில் இடம் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். சில இடங்களில் ஒரு வாரத்திலேயே. எனவே விபத்து நடந்த மறுநாளே அந்தச் சாலையில் எங்கெல்லாம் கேமரா இருக்கிறது என்று பார்த்து, உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் தயங்கினால் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். விபத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் சேர்த்து, டிவிஆர் தரும் அதே வடிவத்தில் நகல் எடுக்கச் சொல்லுங்கள்.

நிராகரிப்பை எதிர்க்க, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுத்தில் முறையிட வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா இணையதளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனை அணுகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டாண்டுக் கெடு உண்டு. அங்கே வழக்குத் தொடுத்துவிட்டால் அதே விவகாரத்தை ஓம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார் என்பதால் எது முதலில் என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். நிராகரிப்புக் கடிதத்தின் அசலையும் அது வந்த தபால் உறையையும் பத்திரமாக வைத்திருங்கள். அந்தக் கடிதத்தில் சொல்லாத புதிய காரணத்தை நிறுவனம் பின்னால் ஆணையத்தில் எழுப்ப முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. காணொளி பற்றிய குற்றச்சாட்டு அதில் எந்தச் சொற்களில் இருக்கிறதோ, அந்தச் சொற்களுக்கு மட்டும் நீங்கள் பதில் சொன்னால் போதும். வணக்கம்.