வாங்குபவர் பக்கத்து பெஞ்சில் இருக்கலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள், தங்கள் பகுதியில் கஷ்டப்படும் குடும்பங்களுக்காகப் பொருள் திரட்டுவதைப் பற்றி இன்று பேசப் போகிறேன். ஆசிரியராக இருந்த காலத்தில் இந்த வேலையைப் பிள்ளைகளோடு சேர்ந்து பலமுறை செய்திருக்கிறேன். இப்படிச் செய்கிற பிள்ளைகளுக்குப் பாராட்டு தாராளமாகவே கிடைக்கிறது. கைதட்டுகிறோம், மேடையேற்றுகிறோம், சான்றிதழ் கொடுக்கிறோம். "யாருக்கு என்ன வேண்டும் என்று விசாரித்தீர்களா?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

முதலில் இந்த வயதைப் பற்றிக் கொஞ்சம். 11 முதல் 14 வரை. சின்ன வகுப்புப் பிள்ளை உண்டியலில் காசு போடும். எதற்கு என்று அதற்குத் தெரியாது. பெரிய வகுப்புக்குப் போய்விட்டால் தேர்வு பயம் பிடித்துக்கொள்ளும். இடையில் இருக்கிற இந்த மூன்று வருடம்தான் ஓடியாடி அலையவும், கணக்குப் பார்க்கவும், "இது நியாயமா?" என்று சண்டை பிடிக்கவும் தோதான பருவம். ஆனால் நாம் அவர்களைப் பெட்டி தூக்கவும் சுவரொட்டிக்கு வண்ணம் அடிக்கவும் வைத்துக்கொள்கிறோம். யோசிக்கிற வேலை முழுவதையும் பெரியவர்களே எடுத்துக்கொண்டு விடுகிறோம்.

ஹிரோஷிமாவில் நடந்ததைச் சொல்கிறேன். அணுகுண்டு விழுந்தபோது இரண்டு வயதுக் குழந்தையாக இருந்த சடாகோ சசாகி, 1955 அக்டோபரில் ரத்தப் புற்றுநோயால் இறந்துபோனாள். அப்போது அவளுக்கு 12 வயது. அவளோடு ஆரம்பப் பள்ளியில் படித்து நடுநிலை வகுப்புக்கு வந்திருந்த தோழர்கள், குண்டுவீச்சுக்குப் பலியான எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப நிதி திரட்டத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே நாடு முழுவதிலுமிருந்து நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள் ஹிரோஷிமாவில் ஒரு மாநாட்டுக்குக் கூடினார்கள். பிள்ளைகள் துண்டறிக்கைகளோடு அங்கே போய் நின்றார்கள். ஒரு தலைமையாசிரியர் கைக்குப் போன தாள் ஒரு பள்ளிக்கே போய்ச் சேரும் அல்லவா? ஜப்பானில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளிலிருந்து உதவி வந்தது, வெளிநாடுகளிலிருந்தும் வந்தது. 1958 மே 5-ம் தேதி நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. யோசனை சொல்லிக் கைகொடுக்க ஒரு பெரியவர் உடனிருந்தார். மாநாட்டு வாசலில் நின்று தாளை நீட்டியது பிள்ளைகள். பெரியவர்களுக்கான இடம் எது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, பொருள் திரட்டுவதற்கு வருவோம். வழக்கமாக இது எப்படி ஆரம்பிக்கும்? ஒரு பெரிய அட்டைப்பெட்டி வரும். அதன் மேல் "உதவுங்கள்" என்று எழுதியிருக்கும். வீட்டில் வேண்டாம் என்று கிடந்ததெல்லாம் அதற்குள் விழும். பெட்டி நிறைந்தபிறகு "இதை யாருக்குக் கொடுக்கலாம்?" என்று தேடுவார்கள். கடைசியில் கேட்க வேண்டியதை முதலிலும், முதலில் கேட்க வேண்டியதைக் கடைசியிலும் கேட்பது இது.

பெரிய அளவில் இதே தவறு நடந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1998-ல் மிட்ச் புயல் ஹோண்டுராஸ் நாட்டைச் சூறையாடியபோது, நிவாரணப் பொருள் ஏற்றி வந்த விமானம் ஒன்றுக்கு இறங்க இடமில்லாமல் போனது. நல்லெண்ணத்தோடு யார் யாரோ அனுப்பிய பழைய துணி ஓடுதளத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. 2012 டிசம்பரில் அமெரிக்காவின் நியூடவுன் ஊரில் பள்ளிக்குள் நடந்த துப்பாக்கிச்சூட்டில் பிள்ளைகள் இறந்தார்கள். அந்தச் சின்ன ஊருக்கு உலகமெங்குமிருந்து 60,000-க்கும் மேற்பட்ட கரடி பொம்மைகள் வந்து சேர்ந்தன. துக்கத்தில் இருக்கிற ஊர், பொம்மைகளுக்குக் கிடங்கு தேட வேண்டியதாயிற்று. நிவாரணப் பணியாளர்கள் இந்த மாதிரி வரத்துக்கு 'இரண்டாவது பேரிடர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, பெட்டி வைப்பதற்கு முன் பொருள் போய்ச் சேரப்போகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஆதரவற்றோர் விடுதி, உணவு வங்கி, முதியோர் இல்லம், குடும்பங்களை நேரில் அறிந்த சமூகப் பணியாளர், எதுவாகவும் இருக்கட்டும். அங்கே தொலைபேசியில் பேசுவது ஒரு பிள்ளையாக இருக்கட்டும். ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் போதும். என்ன சீக்கிரம் தீர்ந்துபோகிறது, எது தேங்கிக் கிடக்கிறது, பொருள் வைக்க எவ்வளவு இடம் இருக்கிறது, எந்த மாதத்தில் வரத்து குறையும் என்றெல்லாம் கேட்கச் சொல்லுங்கள். இவற்றில் 'எது வேண்டாம்?' என்ற கேள்விதான் அதிகம் கற்றுக்கொடுக்கும். பதில் சொல்கிறவர் முதலில் தயங்குவார். பிள்ளை கேட்கிறது என்பதால் பிறகு உண்மையைச் சொல்லிவிடுவார்.

அப்படி வந்த ஒரு பட்டியல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போர்வை என்று நாங்கள் எதிர்பார்த்த இடத்தில் "போர்வை போதும்" என்று இருந்தது. வேண்டியவை காலுறை, உள்ளாடை, சோப்பு, பல் துலக்கும் பிரஷ், சானிட்டரி நாப்கின். எல்லாமே புதிதாக வாங்கிக் கொடுக்க வேண்டியவை. பழையது என்று பீரோவிலிருந்து எடுத்துத் தர முடியாதவை. அதனால்தான் யாரும் தருவதில்லை. அதனால்தான் எப்போதும் பற்றாக்குறை. நாப்கின் என்ற வரி வந்ததும் பின்வரிசையில் ஒரு சிரிப்புக் கிளம்பியது. பட்டியலை வாசித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எந்த அளவு வேணும்னு கேக்க விட்டுட்டேன், மறுபடி போன் பண்ணணும்" என்று சொல்லி ஓரத்தில் குறித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். சிரிப்பு தானாக அடங்கியது. நான் ஒரு பாடவேளை முழுக்கப் பேசியிருந்தாலும் அது நடந்திருக்காது.

காலத்தையும் பாருங்கள். பண்டிகை நாட்களில் எல்லோருக்கும் ஈகை மனம் வந்துவிடும், கிடங்கு வழியும். நீண்ட விடுமுறையில் பள்ளியில் கிடைத்த மதிய உணவு நின்றுபோகும். அந்த நேரம் பெட்டி வைக்க யாரும் இருக்கமாட்டார்கள். விடுமுறைக்குச் சில வாரம் முன்பே திரட்டி முடித்துவிடுவது நல்லது.

பொருள் வந்தபிறகு அதைப் பிரிக்கிற மேசை ஒன்று போட வேண்டும். இந்த மேசைதான் எனக்குப் பிடித்த இடம். ஒரு சட்டை வருகிறது. பார்க்கப் புதிது போல இருக்கும். ஒருவன் பொத்தானை எண்ணுவான், இன்னொருவன் கக்கத்தில் முகர்ந்து பார்ப்பான். மூன்றாமவள் கழுத்துப்பட்டையைத் திருப்பி, உள்பக்கம் நைந்திருப்பதைக் காட்டுவாள். "நீ போட்டுக்குவியா?" என்று ஒரு கேள்வி. "மாட்டேன்" என்றால் சட்டை வேறு குவியலுக்குப் போகும். உணவு டப்பாவில் காலாவதித் தேதியைத் தேடுவார்கள். சில டப்பாக்கள் அந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு முன் வாங்கியவையோ என்று சந்தேகம் வரும். ஒரு காலுறை வந்திருக்கும், ஜோடியைக் காணோம். அரை மணி நேரம் அந்த மேசையில் நின்ற பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவிடம் சண்டை போடும், 'ஏன் இதை அனுப்பினீங்க?' என்று. போடட்டும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். பொருள் திரட்டும்போது 'நாம்', 'அவர்கள்' என்று இரண்டு கூட்டம் இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். நாம் கொடுப்பவர்கள், அவர்கள் எங்கேயோ இருந்து வாங்குபவர்கள். பள்ளியில் இது உண்மை கிடையாது. நீங்கள் எந்த வகுப்புக்குள் நுழைந்தாலும், அப்பாவுக்கு வேலை போன வீட்டிலிருந்து ஒரு பிள்ளை வந்திருக்கும். அம்மாவின் வைத்தியத்துக்கு எல்லாம் போய்விட்ட வீட்டிலிருந்து இன்னொரு பிள்ளை வந்திருக்கும். அந்தப் பிள்ளையும் மற்றவர்களோடு சேர்ந்து பெட்டி தூக்கும். அதே பெட்டியிலிருந்த சோப்பும் நோட்டும் பிறகு அதன் வீட்டுக்கே வரலாம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஏற்பாட்டையும் மறுபடி பார்த்தால் பல பழக்கங்களைக் கைவிட வேண்டியிருக்கும்.

முதலில் கைவிட வேண்டியது வருகைப் பதிவேட்டைப் பார்த்து யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று டிக் போடுவது. தினமும் "மறந்துட்டேன் சார்" என்று சொல்கிற பிள்ளைக்கு ஞாபகமறதி இல்லை. வீட்டில் எடுத்து வர ஒன்றுமில்லை. பெட்டியை மூடிபோட்டு, ஆசிரியர் மேசையிலிருந்து தள்ளி, போகிற வருகிற இடத்தில் வையுங்கள். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று யாருக்கும் தெரியக் கூடாது. உழைப்பையும் பொருளுக்குச் சமமாகவே மதியுங்கள்: பிரிப்பது, எண்ணுவது, பட்டியல் எழுதுவது, கட்டுவது, தூக்குவது. ஒன்றும் கொண்டுவர முடியாத பிள்ளை அந்த மேசைக்குப் பொறுப்பாளராக இருக்கலாம். அது பரிதாபத்துக்குக் கொடுத்த பதவி என்று யாருக்கும் தோன்றாது.

அடுத்தது போட்டி. 'ஆறாம் வகுப்பு அ பிரிவு முந்துகிறது' என்று பலகையில் வரைபடம் போடுவதில் நமக்கு அப்படி ஓர் ஆசை! வெற்றிபெற்ற வகுப்புக்குப் பரிசு வேறு. போட்டி வைத்தால் பெட்டி சீக்கிரம் நிறையும், மறுக்கவில்லை. எதால் நிறைகிறது என்று பாருங்கள். எண்ணிக்கைக்காக, மலிவான ஒரே பொருள் நூறு வரும். இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. உரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இரண்டு பொருளியலாளர்கள், வீடு வீடாகப் போய் நன்கொடை வசூலிக்கும் இஸ்ரேல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து ஒரு சோதனை செய்து, 2000-ல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு இந்த வேலையின் முக்கியத்துவத்தை மட்டும் எடுத்துச் சொன்னார்கள். இன்னொன்றுக்கு வசூலில் 1 சதவீதம், மற்றொன்றுக்கு 10 சதவீதம் ஊக்கத்தொகை என்றார்கள். அந்தத் தொகை ஆய்வாளர்கள் கையிலிருந்து, நன்கொடையிலிருந்து அல்ல. அதிகம் வசூலித்தது ஒன்றும் வாங்காத குழு. 10 சதவீதம் அதற்கு அடுத்து. 1 சதவீதம் கடைசி. சில்லறைப் பரிசைக் காட்டியதும் வேலையின் மதிப்பே அந்தச் சில்லறை அளவுக்குச் சுருங்கிப்போகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாகக் கொடுக்கும் காட்சி. பிள்ளைகள் வரிசையாக நின்று, வாங்குபவர் கையில் பொட்டலத்தைக் கொடுக்க, புகைப்படம் எடுப்பார்கள். அந்த வரிசையில் தன் அம்மா வந்து நின்றால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? 12-ம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். கொடுப்பவருக்கு வாங்குபவரைத் தெரியாமலும், வாங்குபவருக்குக் கொடுப்பவரைத் தெரியாமலும் கொடுப்பது அதில் இரண்டாவது உயர்ந்த படி. அதற்கும் மேலே ஒன்றுதான்: ஒருவரைச் சொந்தக்காலில் நிற்கவைப்பது. பிள்ளைகள் கிடங்கு வாசலோடு திரும்பிவிட வேண்டும். குடும்பங்களின் பெயர்ப் பட்டியல் மாணவர் கண்ணில் படவே கூடாது.

"நேரில் பார்க்காவிட்டால் இரக்கம் எப்படி வரும்?" என்று பெற்றோர் கேட்பார்கள். ஒருவருடைய வறுமையைக் கண்காட்சியாக வைத்து நம் பிள்ளைக்கு இரக்கம் கற்பிக்க வேண்டியதில்லை. கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவரை வகுப்புக்கு அழையுங்கள். பொருள் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது, எது வீணாகிறது என்று அவர் சொல்லட்டும். பிள்ளைகள் குடைந்து குடைந்து கேட்பார்கள்.

பணம் வசூலிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொகை சிறிதாயிற்றே என்று கூச்சப்பட வேண்டாம். 1950-ல் ஃபிலடெல்ஃபியா பக்கத்தில் சில பிள்ளைகள் அலங்கரித்த பால் அட்டைப்பெட்டிகளோடு வீடு வீடாகப் போய், யுனிசெஃப் அமைப்புக்காக 17 டாலர் சேர்த்தார்கள். வருடாவருடம் நடக்கும் பெரிய வசூலாக அது பிறகு வளர்ந்தது. வெளியே போகும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். இரண்டு பேர் எண்ண வேண்டும். ரசீது வேண்டும். பணம் அன்றைக்கே பள்ளி அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும்; ஒரு பிள்ளையின் பையில் இரவு தங்கக் கூடாது.

எல்லாம் முடிந்தபிறகு கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்: எது எத்தனை வந்தது, எத்தனை கழித்தோம், எத்தனை ஒப்படைத்தோம். கழித்த எண்ணிக்கையை மறைக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து, முதலில் பேசிய அதே பிள்ளை அதே இடத்துக்கு மறுபடி தொலைபேசியில் பேசட்டும். கொடுத்ததில் எது இன்னும் அலமாரியில் கிடக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அந்தத் தாளை அடுத்த வருடம் வரப்போகிற ஆறாம் வகுப்புக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.

பேச வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.