எல்லாரும் டிகிரி முடிச்சா வேலைக்கு எங்க போவ? முக்கூடல் அண்ணாச்சி கேட்ட சந்தேகம்

சரி, அடுத்த சந்தேகம் முக்கூடல்லருந்து ஒரு அண்ணாச்சி அனுப்பிருக்காவ, வாசிச்சிருதேன். "எங்க காலத்துல தெருவுக்கு ஒரு பிஏ, அவருக்கு ஒடனே வேல. இப்ப வீட்டுக்கு ரெண்டு டிகிரி இருக்கு, எம்மூத்தவ பிஎஸ்சி கணக்கு முடிச்சிட்டு டவுன்ல துணிக்கடையில பில் போடுதா. எல்லாரையும் படிக்க வச்சதுலதான் படிப்புக்கு மதிப்பு போச்சா? சின்னவ பன்னெண்டாவது படிக்கா, காலேஜுக்கு அனுப்பவா வேண்டாமா?"

அனுப்புங்க அண்ணாச்சி. அத மொதல்ல சொல்லிட்டு மத்தத பேசுவோம்.

நீங்க சொல்லுததுல பாதி நெசம்தான். அப்பல்லாம் டிகிரி கொஞ்சப் பேர்ட்டதான் இருந்துச்சு, ஆள் எடுக்கவனுக்கு அந்த ஒரு சல்லடையே போதும். இப்ப 2021-22 கணக்குப்படி நம்ம தமிழ்நாட்டுல 18லருந்து 23 வயசுக்குள்ள உள்ளவங்கள்ல உயர்கல்வி சேர்க்கை 47 சதவீதம், இந்தியா முழுக்க பாத்தா 28.4தான். சல்லடையில இத்தன பேர் நின்னா அவன் என்ன செய்வான், வேற சல்லட எடுப்பான், இங்கிலீஷ் பேசுவியா, எக்செல் தெரியுமா, எக்ஸ்பீரியன்ஸ் இருக்கான்னு கேப்பான். ஆனா சின்னவள நிறுத்திட்டா கூட்டம் கொறஞ்சிருமா? 2024-ல டிஎன்பிஎஸ்சி அரசு வேலைக்கு வச்ச குரூப் 4 பரீட்சைக்கு மொதல்ல சொன்னது 6,244 எடம், விண்ணப்பம் போட்டது 20 லட்சம் பேருக்கு மேல. தகுதி பத்தாங்கிளாஸ்தான், எழுதுனதுல பிஇ, எம்எஸ்சி முடிச்ச புள்ளைங்க எத்தன! பத்தாவதோட நின்ன புள்ளைக்கு முன்னாடி அவ்வளவு பேரும் நிக்காங்க. டிகிரி பெருகுனதுல அதிகமா அடிபட்டது டிகிரி இல்லாத புள்ளைங்கதான்.

இன்னொரு கணக்கயும் சொல்லிருதேன், அத வச்சுதான் நெறய பேர் "படிச்சவனுக்குத்தான் வேல இல்ல"ங்காவ. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2024-ல போட்ட அறிக்கையில, 2022 நெலவரப்படி பட்டம் வாங்குன இளைஞர்கள்ல 29.1 சதவீதம் பேருக்கு வேல இல்ல, எழுதப் படிக்கத் தெரியாதவங்கள்ல 3.4 சதவீதம்தான். அப்ப படிக்காதவங்க நல்லா இருக்காங்கன்னு அர்த்தமா? ஒங்க ஊர்ல மடியில சொளவ வச்சிக்கிட்டு எல வெட்டி தூள் போட்டு நூல் கட்டி பீடி சுத்துற அக்காமார பாருங்க, தோள்பட்ட வலின்னு ஒரு நாள் ஒக்காந்தா அன்னைக்கு கூலி கெடையாது. அவங்க எந்தக் கணக்குலயும் வேலையில்லாதவங்க இல்ல. வேலைக்காகக் காத்திருக்கவே வீட்டுல கொஞ்சம் தெம்பு வேணும், அந்தத் தெம்புள்ள வீட்டுப் புள்ளைங்கதான் அந்த 29-ல நெறய இருக்காங்கன்னு நான் நெனைக்கேன்.

எனக்கு மனசு வலிக்கது வேற எடத்துல. எங்கிட்ட படிச்ச ஒரு பையன், கணக்குல புலி, வீட்டுலயே மொத டிகிரி அவந்தான். மொத இன்டர்வியூல "ஒன்னப் பத்தி சொல்லு"ன்னு கேட்டுருக்காங்க, பேரச் சொல்லிட்டு அப்படியே நின்னுட்டான், கூடப் போனவனுக்கு அவங்கப்பா ராத்திரியே சொல்லிக்குடுத்து அனுப்பிருக்காரு. முதல் பட்டதாரி சர்டிபிகேட்டுக்கு ஃபீஸ்ல சலுக உண்டு, இதுக்கு எந்த ஆபீஸ்ல போய் சலுக கேக்க? இத காலேஜ்தான் மூணு வருசமும் சொல்லிக்குடுக்கணும், நெறய எடத்துல கடைசி செமஸ்டர்ல ரெண்டு நாள் ட்ரெய்னிங்னு முடிச்சிருதாங்க.

மூத்தவ கடைய விடவேண்டாம், பேங்க் எக்ஸாமோ டிஎன்பிஎஸ்சியோ ரெண்டு வருசம்னு கெடு வச்சு எழுதட்டும், கூடவே கடைக்கணக்கு எழுதுற டேலி சாஃப்ட்வேர் படிக்கட்டும், பில் போட்ட அனுபவம் அதுக்கு ஒதவும். சின்னவ ஆறாவதுலருந்து அரசு பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியில தமிழ் மீடியமோ படிச்சிருந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூவா வரும், பாலிடெக்னிக், ஐடிஐ சேந்தாலும் வரும். நம்ம திருநெல்வேலி கங்கைகொண்டான் பக்கம் கம்பெனிங்க வந்துக்கிட்டு இருக்கதால டிப்ளமோவயும் கொறச்சு நெனைக்காதீங்க. எங்க சேத்தாலும் ஃபீஸ் கட்டுததுக்கு முன்னாடி, போன மூணு வருசம் அந்த கோர்ஸ் முடிச்ச புள்ளைங்க இப்ப எங்க இருக்காங்கன்னு கேளுங்க. போர்டுல ஒட்டிருக்க போட்டோவ காட்டுவாங்க, அது வேண்டாம், மொத்தம் எத்தன பேர் முடிச்சாங்க, எத்தன பேர் வேலையில இருக்காங்கன்னு கேளுங்க. சொல்ல மாட்டோம்னா அடுத்த காலேஜுக்கு நடங்க.