காத்மாண்டு டீயும் முசாபர்பூர் மீட்டரும்

வணக்கம் மக்களே. என் பின்னால் நிற்கிற மைக்ரோபஸ் சத்தம் உங்களுக்குக் கேட்கவில்லை, இல்லையா? வண்டி ஆனில்தான் இருக்கிறது. பேட்டரி வண்டி.

காத்மாண்டு, ஜனவரி, காலை ஏழு மணி. கை விறைக்கிறது. டீக்கடை தீதி, அதாவது நம்மூரில் அக்கா என்று கூப்பிடுவதுபோல, இண்டக்‌ஷன் அடுப்பில் பால் காய்ச்சுகிறார். 2015 கடைசியில் இந்திய எல்லையில் லாரிகள் மாதக்கணக்கில் நின்றுபோனபோது, காஸ் சிலிண்டர் கிடைக்காமல் நிறைய பேர் இந்த அடுப்பை வாங்கினார்கள். வாங்கி என்ன செய்ய, கரண்ட் இல்லையே! அதற்குச் சில வருஷம் முன்பு குளிர்காலத்தில் ஒரு நாளைக்கு 16 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த ஊர் இது. 2012-இல் நம்மூரில் விசிறி மட்டையோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த அருமை புரியும்.

2016-இல் நேபாள மின்வாரியத்துக்குத் தலைவராக வந்த குல்மான் கீசிங் அந்த மின்வெட்டுக்கு முடிவு கட்டினார். மந்திரமெல்லாம் இல்லை. வீடுகள் இருட்டில் கிடக்கும்போது சில ஆலைகளுக்கு மட்டும் நாள் முழுக்கப் போய்க்கொண்டிருந்த கரண்ட்டைப் பிரித்துக் கொடுத்தார். அப்புறம் பீகாரின் முசாபர்பூரிலிருந்து நேபாளத்தின் தல்கேபர் வரும் லைனில் கூடுதலாக வாங்கினார்.

இந்த இரண்டாவது விஷயத்துக்காகத்தான் இன்றைக்கு வீடியோ. நேபாளத்தின் நீர்மின் நிலையங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய அணையே கிடையாது, ஓடுகிற ஆற்றை அப்படியே திருப்பி டர்பைனை ஓட்டுகிறார்கள். தண்ணீரைத் தேக்கிவைத்துப் பயன்படுத்துவது குலேகானி மாதிரி ஒன்றிரண்டு இடங்களில்தான். மழைக்காலத்தில் ஆறு புரண்டு ஓடும், கரண்ட் மிஞ்சும், இந்தியாவுக்கு விற்பார்கள். ஜனவரியில் ஆறு மெலிந்துவிடும், அதே கம்பியில் திரும்ப வாங்குவார்கள். வருகிற கரண்ட்டில் பெரும்பங்கு நிலக்கரி. ஆக, புகையே இல்லாத இந்த மைக்ரோபஸ் இன்றைக்குக் கொஞ்சம் நிலக்கரியிலும் ஓடுகிறது! மழைக்காலத்தில் வந்து பார்த்தால் முழுக்க ஆற்றுத் தண்ணீர்தான்.

சரி, பங்களாதேஷுக்கு வருவோம். அங்கே நேர்மாறு. கோடையிலும் மழைக்காலத்திலும் ஃபேனும் ஏசியும் கரண்ட்டைக் குடிக்கும், குளிர்காலத்தில் தேவை இறங்கிவிடும். நேபாளத்துக்கு மிஞ்சும்போது அவர்களுக்கு வேண்டும். ஜாடிக்கேற்ற மூடி. இரண்டுக்கும் நடுவே சிலிகுரிப் பக்கம் இந்திய மண் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். அதைத் தாண்டத்தான் இத்தனை வருஷம். நேபாளக் கரண்ட்டை இந்தியா வழியாகப் பங்களாதேஷுக்கு விற்க 2024 அக்டோபர் 3-இல் மூன்று நாடும் கையெழுத்துப் போட்டன. அளவு என்ன தெரியுமா? 40 மெகாவாட். 3,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவி வைத்திருக்கும் நாட்டுக்கு இது ஊறுகாய் மாதிரி. ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை மட்டும், யூனிட்டுக்கு 6.4 அமெரிக்க சென்ட்.

நேபாளத்திலிருந்து தனிக் கம்பி எதுவும் டாக்கா போகவில்லை. முசாபர்பூர் மீட்டரில் நேபாளம் கொடுத்ததாகக் கணக்கு, பங்களாதேஷ் தன் பங்கைத் தன் நாட்டிலுள்ள பேராமாரா துணைமின் நிலையத்தில் எடுத்துக்கொள்கிறது. நடுவில் எல்லாம் இந்திய மின்தொகுப்பு. வங்கியில் இங்கே கட்டி அங்கே எடுப்பதுபோலத்தான்.

வழி இந்தியாவுடையது, அதனால் நிபந்தனையும் இந்தியாவுடையது. சீன முதலீடோ சீன ஒப்பந்ததாரரோ இருக்கிற நிலையத்தின் கரண்ட்டை இந்தியா வாங்குவதில்லை. தண்ணீர் அதே இமயத் தண்ணீர்தான், ஆனால் நிலையத்தைக் கட்டியது யார் என்று பார்க்கிறார்கள். டெல்லியின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் பத்து ஆண்டில் 10,000 மெகாவாட் வாங்குவோம் என்று 2024 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டுவிட்டு, இதையும் பிடித்துக்கொண்டால் நேபாளத்துக்காரர் யாரை நம்பி நிலையம் கட்டுவார்?

டீ ஆறிப்போச்சு. டிரைவர் அண்ணன் கையசைக்கிறார், கிளம்பப் போகிறார் போல. ஒரு தடவை சார்ஜ் போட எவ்வளவு ஆகிறது என்று போகிற வழியில் கேட்டு அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.