கப்பலிலிருந்து ஒரு குறியிசை

நேயர்களுக்கு வணக்கம்.

நான் வாய் திறப்பதற்கு முன்னால் இந்த நிகழ்ச்சியின் முகப்பிசை ஒலித்தது. அரை நிமிடம்கூட இருக்காது. ஆனால் அடுக்களையில் நிற்பவர்களுக்கு அதற்குள்ளேயே எல்லாம் தெரிந்துவிடும். இது எந்த நிகழ்ச்சி, மணி என்ன, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்ட இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது, எல்லாம். விடிகாலையில் ஆகாசவாணியின் அந்தத் தொடக்க இசையைக் கேட்டு எழுந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதை அமைத்த வால்டர் காஃப்மன் ஐரோப்பாவிலிருந்து அகதியாக பம்பாய்க்கு வந்தவர். அவர் பெயர் தெரியாமலே மூன்று தலைமுறை அந்த இசையில் கண் விழித்திருக்கிறது. சிக்னேச்சர் ட்யூன் என்போம், முகப்பிசை என்போம். இலங்கை வானொலிக்காரர்கள் குறியிசை என்பார்கள். எனக்குப் பிடித்த சொல் அந்தக் குறியிசைதான்.

நான் சரக்குக் கப்பல்களில் வானொலி அதிகாரியாக இருந்தவன். எங்கள் வேலை மோர்ஸ் தந்தி. கட்டு, கடா, கட்டு, கடா என்று காதில் விழுந்துகொண்டே இருக்கும். அந்தத் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. எதிர்முனையில் தட்டுகிறவர் பெயரைச் சொல்லும் முன்பே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஒருவர் கடைசிப் புள்ளியைக் கொஞ்சம் இழுப்பார். இன்னொருவர் எழுத்துக்கு எழுத்து மூச்சு வாங்குவார். "இது அவன் கை" என்போம். முகத்தைப் பார்த்ததே இல்லை, கையை மட்டும் தெரியும். இன்று நான் சொல்ல வந்தது கடலில் மிதந்த வானொலி நிலையங்களைப் பற்றி, அங்கே இருந்த அறிவிப்பாளர்களின் குறியிசைகளைப் பற்றி. அந்தக் குறியிசைதான் அவர்களுடைய 'கை'. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப இங்கேதான் வருவேன்.

பைரேட் ரேடியோ, அதாவது கடற்கொள்ளை வானொலி, என்று பெயர் வைத்தார்கள். கொள்ளை ஒன்றும் அடிக்கவில்லை. 1960களில் பிரிட்டனில் வானொலி என்றால் பிபிசி மட்டும்தான். இசைக் கலைஞர் சங்கத்தோடும் இசைத்தட்டு நிறுவனங்களோடும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இசைத்தட்டு சுழல அங்கே அளந்து கொடுத்த நேரம்தான். 'ஊசி நேரம்' என்றே அதற்குப் பெயர். பீட்டில்ஸ் பாட்டுக்கு ஊரே கிறங்கிக் கிடக்கிறது, வானொலியில் கேட்க முடியவில்லை. அப்போது கடல் எல்லை மூன்று மைல். அதற்கு வெளியே வேறு நாட்டுக் கொடியோடு ஒரு கப்பலை நங்கூரம் போட்டு, பாய்மரம் நின்ற இடத்தில் ஒலிபரப்புக் கோபுரத்தை நிறுத்தினால் எந்தச் சட்டமும் தொடாது.

இந்தக் கதை நமக்குப் புதிதில்லை. 1950களில் அமைச்சர் கேஸ்கர் காலத்தில் நம் வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போனபோது நம் வீட்டுப் பெரியவர்கள் முள்ளைத் திருப்பியது எங்கே? கொழும்புக்குத்தானே! நான் தூத்துக்குடிக்காரன். உப்புத் தண்ணீர் மீது மத்திய அலை நன்றாக ஓடி வரும். எங்கள் தெருவில் இலங்கை வானொலி பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் கேட்கும். 1957இல் விவித் பாரதி வந்தது. வடகடலிலும் அதே கதைதான். அங்கே கொழும்பு இல்லை, கப்பல் வந்தது.

ரேடியோ கரோலைன் 1964 மார்ச் 28 அன்று, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு எதிரே ஒலிபரப்பைத் தொடங்கியது. ரோனன் ஓ'ராஹிலி என்ற ஐரிஷ் இளைஞர், பழைய டேனிஷ் பயணிகள் கப்பல் ஒன்றை வாங்கி நிலையமாக்கியிருந்தார். அதே ஆண்டு பார்ச்சூன்ஸ் என்ற குழு 'கரோலைன்' என்றே ஒரு பாட்டு வெளியிட்டிருந்தது. அதுவே நிலையத்தின் பாட்டாகிவிட்டது.

அந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது 1986இல். தேம்ஸ் முகத்துவாரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் அறைக் கடிகாரத்தின் முகத்தில் சிவப்பில் இரண்டு கீற்று வரைந்திருக்கும். ஒவ்வொரு மணியிலும் 15ஆவது நிமிடத்திலும் 45ஆவது நிமிடத்திலும் மூன்று மூன்று நிமிடம் 500 கிலோஹெர்ட்ஸில் யாரும் தட்டக்கூடாது. ஆபத்தில் இருப்பவன் குரல் மட்டும் கேட்க வேண்டும் என்பதற்காக உலகக் கப்பல்கள் அத்தனையும் வாயை மூடிக்கொண்டு காது கொடுக்கும் நேரம் அது. அன்று என் பணிநேரம் முடிந்தது. காதுக்கருவியைக் கழற்றாமல் இன்னொரு ரேடியோவின் முள்ளைத் திருப்பினேன். கரகரப்பு, ஒரு டச்சுக் குரல், மறுபடி கரகரப்பு, பிறகு ஒரு பாட்டு. "கரோலைன்" என்று கூட்டமாகப் பாடுகிறார்கள். மேலே ஓடிப்போய் தொலைநோக்கியில் பார்த்தேன். பழைய மீன்பிடிக் கப்பல் ஒன்று, பெயர் ராஸ் ரிவென்ஜ். அதன் மேல் 300 அடிக் கம்பம். தென்னை மரத்தைத் தோணியில் நட்டதுபோல் இருந்தது. அன்றிலிருந்து இந்த நிலையங்களின் ஒலிப்பதிவுகளைத் தேடித் தேடிச் சேர்த்து வருகிறேன்.

சேர்க்கச் சேர்க்க எனக்குப் புரிந்த ஒன்று, அந்த அறிவிப்பாளர்கள் பலருடைய பெயர் சொந்தப் பெயர் இல்லை என்பது. கென்னி எவரெட் பிறந்தபோது மாரிஸ் கோல். ஜான் பீல், ஜான் ரேவன்ஸ்கிராஃப்ட். ஜானி வாக்கர், பீட்டர் டிங்லி. நேயருக்கு முகம் தெரியாது, உண்மைப் பெயர் தெரியாது. தெரிந்தது அந்தக் குறியிசை ஒன்றுதான். சொன்னேனே, கை!

ஜானி வாக்கரைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கரோலைனில் இரவு 9 மணி முதல் 12 மணி வரை அவர் நேரம். அவருடைய குறியிசை, டுவேன் எடி என்ற அமெரிக்க கிட்டார்காரர் 1960இல் வாசித்த 'பிகாஸ் தே ஆர் யங்'. பாட்டு இல்லை, கிட்டார் மட்டும். கீழ்த்தந்தியில் 'டொய்ங்' என்று ஓர் அதிர்வு, அதன்மேல் வயலின்கள் அலையாக எழும். ராத்திரியில் மத்திய அலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஏறும், இறங்கும், பேச்சு பாதியில் கரைந்துபோகும். கரைந்த பேச்சை மீட்க முடியாது. ஆனால் பழகிய மெட்டில் மூன்று சுரம் காதில் விழுந்தால் போதும், மீதியை மனசு தானே பாடிக்கொள்ளும். அதனால்தான் அவர்களில் பலர் சொல் இல்லாத வாத்திய இசையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று நான் நினைக்கிறேன். சொல் இல்லையென்றால் அதன்மேல் அவர்கள் பேசவும் வசதி.

கரோலைனுக்கு அப்போது இரண்டு கப்பல்கள். அவற்றில் வாக்கர் இருந்த கப்பல் நின்றது பிரின்டன் என்ற சின்னக் கடற்கரை ஊருக்கு எதிரே, ஏறக்குறைய மூன்றரை மைலில். இளைஞர்கள் காரை ஓட்டிக்கொண்டு கரைக்கு வருவார்கள். ரேடியோவில் குறியிசை வரும். கடலைப் பார்த்து காரின் முன்விளக்கை அடிப்பார்கள். கப்பலில் இருப்பவர் அதைப் பார்த்துவிட்டு ஒலிவாங்கியில் கேட்பார்: யார் வந்திருக்கிறீர்கள், கூட யார், காதலியா? கார் விளக்கை அணைத்து அணைத்துப் பதில் சொல்லும். நாங்கள் கப்பலுக்குக் கப்பல் ஆல்டிஸ் என்ற சைகை விளக்கில் பேசிக்கொள்வதுபோல்தான். வேலை விட்டபின் ஒருமுறை அந்தக் கரையில் போய் நின்றேன். ஒன்றுமே இல்லை, புல்தரை, பெஞ்சு, சாம்பல் நிறக் கடல். அங்கேயே நின்றுகொண்டு காதுக்கருவியைச் செருகி அந்த இசையைக் கேட்டேன். இரண்டே நிமிடம்தான். எதிரே இருட்டில் ஒரு கப்பல் நிற்பதாகவே பட்டது.

அந்த இரண்டு நிமிடத்தில் தொழில் நுணுக்கமும் உண்டு. மணி அடிக்கும்போது நிகழ்ச்சி கச்சிதமாக முடிய வேண்டும். இசைத்தட்டின் நீளம் அறிவிப்பாளருக்கு மனப்பாடம். 58ஆவது நிமிடத்தில் ஊசியை வைத்தால் மணிக்குச் சரியாக முடியும். அதற்குள் அடுத்த தட்டை எடுத்து வைக்கலாம், அடுத்தவர் நாற்காலிக்கு வரலாம். கப்பல் ஆடும்போது ஊசி தாவும். தாவாமல் இருக்க ஊசிக் கையின்மேல் செப்புக்காசை வைப்பார்களாம். தினம் தினம் அதே தட்டு சுழன்று சுழன்று தொடக்கத்தில் ஒரு பொரிபொரிப்பு ஏறிவிடும். பழைய ஒலிப்பதிவில் அந்தப் பொரிபொரிப்பைக் கேட்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

1967இல் பிரிட்டன் சட்டம் போட்டது. தன் குடிமக்கள் அந்தக் கப்பல்களில் வேலை செய்வதும், விளம்பரம் கொடுப்பதும், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதும் குற்றம். ஆகஸ்ட் 14 பிற்பகல் 3 மணிக்கு ரேடியோ லண்டன் மூடியது. அது அமெரிக்கப் போர்க்காலக் கண்ணிவாரிக் கப்பலில் இருந்த நிலையம். டல்லாஸில் தயாரித்த பளபளப்பான ஜிங்கிள்களுக்கு, அதாவது நிலையத்தின் பெயரைப் பாடும் குட்டிப் பாட்டுகளுக்கு, பேர்போனது. அன்று நள்ளிரவு சட்டம் அமலுக்கு வந்தது. கரோலைன் மூடவில்லை. ஜானி வாக்கரும் சக அறிவிப்பாளர் ராபி டேலும் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்திருந்தார்கள். 12 மணி அடித்தது. 'வீ ஷேல் ஓவர்கம்' ஒலித்தது, பிறகு பீட்டில்ஸின் 'ஆல் யூ நீட் இஸ் லவ்'. அந்த நிமிடத்திலிருந்து அவர்கள் தங்கள் நாட்டுச் சட்டப்படி குற்றவாளிகள். அடுத்த மார்ச் மாதம், நிலுவைத் தொகைக்காக இழுவைக் கப்பல்கள் வந்து கரோலைனின் இரண்டு கப்பல்களையும் இழுத்துச் செல்லும்வரை நடத்தினார்கள். நான் 1986இல் கேட்டது, பிற்பாடு வேறு கப்பலில் மறுபடி எழுந்த கரோலைன்.

சட்டம் அமலுக்கு வந்த ஏழாவது வாரம் பிபிசி என்ன செய்தது தெரியுமா? செப்டம்பர் 30 அன்று ரேடியோ 1 என்று புது நிலையம் தொடங்கியது. காலை 7 மணிக்கு முதல் குரல் டோனி பிளாக்பர்ன், கரோலைனிலும் ரேடியோ லண்டனிலும் இருந்தவர். கரோலைனின் கப்பல் 1966 ஜனவரியில் புயலில் பிரின்டன் கரையில் தட்டியபோது கயிற்றில் தொங்கிக் கரை சேர்ந்தவர்களில் ஒருவர். ரேடியோ 1க்கென்று ஜார்ஜ் மார்ட்டின் அமைத்த நிலைய இசை முதலில் ஒலித்தது. அடுத்து ஜானி டாங்க்வொர்த்தின் 'பீஃபீட்டர்ஸ்'. அது பிளாக்பர்னின் குறியிசை. அரசு வானொலியின் நிலைய இசைக்கு அடுத்தபடியாக, கப்பலில் இருந்து வந்த ஒருவருக்குத் தனிக் குறியிசை! முதல் பாட்டு அதற்கப்புறம்தான். 1969இல் வாக்கரும் அங்கே போய்ச் சேர்ந்தார்.

நேரம் ஓடிவிட்டது, கண்ணாடிக்கு அப்பால் நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். ரேடியோ நார்த்சீ இன்டர்நேஷனலைப் பற்றி அரை மணி நேரம் பேசலாம். 1970இல் தொடங்கியது, கப்பலின் பெயர் மெபோ 2. குறியிசை லெஸ் ரீட் இசைக்குழுவின் 'மேன் ஆஃப் ஆக்ஷன்', எக்காளங்கள் முழங்கப் படை புறப்படுவதுபோல் இருக்கும். 1971 மே மாதம் ஓர் இரவு அந்தக் கப்பலில் குண்டு வைத்தார்கள். இசை நின்றது. அதே அலைவரிசையில் 'மேடே, மேடே' என்று உதவி கேட்டுக் கத்தினார்கள். பதிவு என்னிடம் இருக்கிறது. பாட்டு வர வேண்டிய இடத்தில் அந்தக் குரலைக் கேட்க, வானொலி அதிகாரியாக இருந்த எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

நியூசிலாந்தின் ரேடியோ ஹௌராகி, அதைத்தான் கடைசியில் ஆற அமரச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். ஒரே வரியாகச் சொல்கிறேன். கப்பல் பெயர் டிரி. 1966 டிசம்பர் 4, முதல் பாட்டு மாட் மன்ரோவின் 'பார்ன் ஃப்ரீ'. 1968 ஜனவரியில் கிரேட் பேரியர் தீவின் பாறையில் மோதியது. அப்போது ஒலிவாங்கியில் இருந்தவர் பால் லைன்ஹாம். மாலுமிகள் கப்பலைக் கைவிடுகிறார்கள் என்று செய்தி வாசிப்பதுபோல் வாசித்தார், தன் பெயரைச் சொன்னார், டிரி கப்பலிலிருந்து என்றார், இரவு வணக்கம் சொன்னார்.

வணக்கம், நேயர்களே.