அந்த முந்நூறு மீட்டர்

வணக்கம். போன வருடம் ஜூலையில், டர்பன் கடற்கரையில் நடந்த ஒரு அரை மாரத்தானை இரண்டு மணி நேரத்துக்குள் ஓடி முடித்தேன். முடிக்கவில்லை என்பது நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

கையில் இருந்த ஜி.பி.எஸ். வாட்ச் அதிர்ந்தது. 21.1 கிலோமீட்டர், 1 மணி 59 நிமிடம் 34 விநாடி. சந்தோஷத்தில் கையைத் தூக்கிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் முடிவு வளைவு முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கிறது. விழுந்தடித்து ஓடி அதைத் தாண்டியபோது 2 மணி 1 நிமிடம் 20 விநாடி. என் பழைய நேரம் 2 மணி 4 நிமிடம்; அதைவிட இது நல்ல நேரம்தான். ஆனால் என் முகத்தைப் பார்த்து, அன்று முழுக்க வீட்டில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் உனக்கு எதுக்கும்மா இது என்று சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் பெரியம்மா கேட்பார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் கிடையாது. இந்தத் தென்னாப்பிரிக்காவில் ஓட்டம் ஒரு தொற்று என்று மட்டும் சொல்லலாம். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் நடுவே ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் 1921-இல் தொடங்கியது. நம் நாட்டுக்காரரான எலானா மேயர் 1999-இல் டோக்கியோவில் அரை மாரத்தானை 1 மணி 6 நிமிடம் 44 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம் பத்து விநாடி! நான் ஐந்து நிமிடம் நாற்பது விநாடிக்கே மூச்சிரைக்கிறேன்.

சரி, அந்த முந்நூறு மீட்டருக்கு வருவோம். வாட்ச் பொய் சொல்கிறது, இல்லையென்றால் பந்தயம் நடத்தியவர்கள் தப்பாக அளந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் எண்ணினேன். கடைசியில் பார்த்தால், பெரும்பங்கு தப்பு என்னுடையது.

அரை மாரத்தான் 21.0975 கிலோமீட்டர். சாலைப் பந்தயத்தை அளக்கிறவர்கள் சைக்கிளின் முன் சக்கரத்தில் ஒரு எண்ணும் கருவியை மாட்டி, வளைவுக்கு வளைவு மிகக் குறுகிய கோட்டில், சாலை ஓரக்கல்லிலிருந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளி ஓட்டிக்கொண்டே போவார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாதே என்று ஆயிரத்துக்கு ஒன்று கூடச் சேர்ப்பார்கள். அரை மாரத்தானில் அது 21 மீட்டர். மீதியை நான்தான் சேர்த்திருக்கிறேன். வலப்பக்கம் திரும்பும் சாலையில் இடப்பக்கமாகவே ஓடியிருக்கிறேன். முன்னால் போகிறவர்களைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன். தண்ணீர் மேசைக்காக சாலையைக் குறுக்கே கடந்து, திரும்பவும் வந்திருக்கிறேன். வாட்ச்சும் கொஞ்சம் கூட்டிச் சொல்லும், அதை மறுக்கவில்லை. ஆனாலும் நான் ஓடியது அதிகம்.

கோடு பிடிப்பதை அப்புறம்தான் பழகினேன். சனிக்கிழமைகளில் கடற்கரை நடைபாதையில் ப்ளூ லகூன் வரை போய்த் திரும்பும்போது, அடுத்த வளைவின் உள்மூலையையே பார்த்துக்கொண்டு நேராக ஓடுவேன். சைக்கிள்காரர்களிடம் வாங்கிய திட்டு தனிக் கணக்கு. கணக்கையும் மாற்றினேன். இரண்டு மணி நேரத்துக்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி போதும் என்பது காகிதத்தில். வாட்ச் காட்டும் தூரம் கூடும் என்பதால் 5 நிமிடம் 37 என்று வைத்துக்கொண்டேன்.

இந்த ஜூலை. காலை ஆறு மணி, இன்னும் இருட்டு, காற்றும் இல்லை. இங்கே குறிப்பிட்ட நேரத்துக்கு ஓடும் கூட்டத்தை பஸ் என்போம். கொடி பிடித்து முன்னால் ஓடுகிறவர் டிரைவர். இரண்டு மணி பஸ்ஸில் ஏறினேன். இருபது முப்பது பேர் இருப்போம். யாரோ பாடினார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். கால் தானாகப் போனது. ஆனால் பஸ் வளைவுகளை அகலமாக எடுக்கும். நானோ ஒவ்வொரு திருப்பத்திலும் ஓரக்கல்லை ஒட்டி உள்ளே நுழைந்து, நாலு அடி முன்னால் வந்து நின்றேன். டிரைவர் சிரித்துக்கொண்டே, "அம்மா, கட்டணம் கட்டாமல் இறங்கப் பார்க்கிறீர்களா?" என்றார். பதினாறாவது கிலோமீட்டரில் நிஜமாகவே இறங்கி, முன்னால் ஓடிவிட்டேன்.

தண்ணீர் இங்கே சின்ன பிளாஸ்டிக் பையில் வரும். மூலையைக் கடித்து, பீய்ச்சிக் குடிக்க வேண்டும். கையில் இரண்டு பையோடு ஓடினால் அடுத்த மேசையில் நிற்க வேண்டியதில்லை. பதினெட்டுக்கு மேல் தொடை கல்லானது. மோசஸ் மபிடா கால்பந்து அரங்கத்தின் மேலே நிற்கும் பெரிய வளைவு கண்ணில் பட்டது; பார்க்கப் பார்க்க அது கிட்டவே வரவில்லை.

முடிவு வளைவைத் தாண்டினேன். 1 மணி 59 நிமிடம் 8 விநாடி. இந்த முறை கையைத் தூக்கத் தெம்பில்லை.

என் மகன் வாட்ச்சை வாங்கிப் பார்த்துவிட்டு, "21.21 காட்டுதே அம்மா, இப்பவும் நூறு மீட்டருக்கு மேல அதிகம்" என்றான். அதில் 21 மீட்டர் அளந்தவர்கள் கணக்கு. மீதி எங்கே போனது என்று எனக்குத் தெரியும். பதினாலாவது கிலோமீட்டரில், சாலைக்கு அந்தப் பக்க மேசையில் கோக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.