ஊசி போட்டா ரெண்டு நாள் சம்பளம் போகுதுங்க: கொரோனாவைக் கொங்கு நாடு கணக்குப் போட்ட விதம்

[காட்சி: திருப்பூர், ஞாயித்துக்கிழமை காலை, கறிக்கடை முன்னாடி கூட்டம்]

வணக்கமுங்க. 2021 செப்டம்பர் 12, ஞாயித்துக்கிழமை, தமிழ்நாடு முழுக்க முதல் மெகா தடுப்பூசி முகாம் நடந்துச்சு. அப்புறம் ஆறாவது முகாமை அக்டோபர் 23, சனிக்கிழமைக்கு மாத்தினாங்க. ஏன்னு கேட்டா, சுகாதார அமைச்சர் மா.சுப்பிரமணியன் வெளிப்படையாவே காரணம் சொன்னார். ஊசி போட்டா கறி திங்கக்கூடாது, சரக்கு அடிக்கக்கூடாதுன்னு ஒரு எண்ணம் இருக்குது, அதனால ஞாயித்துக்கிழமை வர யோசிக்கறாங்கன்னு.

மருத்துவத்துல கறிக்கும் ஊசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சரக்கு அடிச்சா ஊசி வேலை செய்யாதுங்கறதுக்கும் ஆதாரம் இல்லைன்னு மத்திய சுகாதாரத் துறையே சொல்லியிருந்துச்சு. மட்டு மீறிக் குடிக்கறது வேற கதைங்க, அதை நான் இங்க இழுக்கலை.

இந்த முகாம் சமாச்சாரம் மாநிலம் முழுக்க நடந்ததுதான். ஆனா கொங்கு நாட்டுல உக்காந்து யோசிச்சா நல்லா வெளங்கும். ஆறு நாள் ஒன்றரை ஷிப்டு நின்னுட்டு, சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு ஒரு நாள் கறி எடுக்கற குடும்பம் அது. அந்த ஒரு நாளையும் ஊசிக்கு விடுன்னா யோசிக்கத்தான் செய்வாங்க. இந்தப் பக்கம் கட்டுப்பாடு, ஊசி ரெண்டையும் சனங்க எடை போட்டது சோலியையும் கூலியையும் வெச்சுத்தானுங்க. அந்தக் கணக்கை விட்டுட்டு "விழிப்புணர்வு இல்லை"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சா, நடந்தது எதுவும் புரியாது.

[காட்சி: வெறிச்சோடின ஈரோடு கடைவீதி]

மொதல்ல ஊரடங்கைப் பார்த்துடலாம். 2020 மார்ச் 22, மக்கள் ஊரடங்கு அன்னிக்கே நாடு முழுக்க 75 மாவட்டங்களை முடக்கச் சொல்லி மத்திய அரசு பட்டியல் போட்டுச்சு. தமிழ்நாட்டுல இருந்து மூணு பேரு: சென்னை, காஞ்சிபுரம், ஈரோடு. ஈரோட்டுக்கு வந்திருந்த தாய்லாந்துக்காரங்க ரெண்டு பேருக்குத் தொற்று உறுதியானதும்தான் இது. ஜவுளிச் சந்தைக்கும் மஞ்சளுக்கும் பேர் போன ஊர், ஒரே வாரத்துல நோய்க்குப் பேர் எடுத்துடுச்சு.

ஆனா இங்க மனசுல நின்ன வருசம் 2021. மே கடைசியில தினசரி தொற்றுல கோவை சென்னையையே தாண்டிடுச்சு. மே 30-ஆம் தேதி முதல்வர் மு.க.ஸ்டாலின் கவச உடை போட்டுக்கிட்டு கோவை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி கொரோனா வார்டுக்குள்ளயே போனார். ஜூன் 7-ஆம் தேதி ஊரடங்கைத் தளர்த்தினப்ப, தொற்று குறையாத 11 மாவட்டங்களுக்கு மட்டும் சலுகை கம்மி. அதுல ஏழு நம்ம பக்கம்: கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல்.

அடுத்த வாரம், ஜூன் 14-ல, மத்த 27 மாவட்டத்துல டீக்கடையில பார்சல் டீ கெடச்சுது, டாஸ்மாக்கும் தொறந்துச்சு. இந்தப் பக்கம் ரெண்டும் இல்லை. ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு ஜூன் 7 உத்தரவுல குடுத்தது, மாதிரி பீஸ் அனுப்பற வேலைக்கு மட்டும் 10 சதவீத ஆளுங்க. ஒரு பனியன் கம்பெனியில 10 சதவீதம்னா யாரைக் கூப்பிடறது? கட்டிங் மாஸ்டரையும் ரெண்டு டெய்லரையும் கூப்பிட்டா, செக்கிங் அக்கா வீட்லதான் இருக்கோணும். எல்லா மாவட்டத்துக்கும் ஒரே விதின்னு வந்தது ஜூலை 5-ல.

இந்த எடத்துல இன்னொரு பேச்சும் ஓடுச்சு. அந்த வருச சட்டமன்றத் தேர்தல்ல கோவை மாவட்டத்தோட 10 தொகுதியிலயும் அ.தி.மு.க. கூட்டணி ஜெயிச்சிருந்துச்சு. "ஓட்டுப் போடலைன்னு ஊசி அனுப்ப மாட்டேங்கறாங்க"ன்னு டீக்கடை இல்லாத காலத்துலயும் வாட்சப்ல டீக்கடைப் பேச்சு. முதல்வர் அதை மறுத்தார். அப்ப மாநிலம் முழுக்கவே ஊசிக்குத் தட்டுப்பாடு, அது உண்மை. தொற்று உச்சத்துல இருந்த ஊருல "இன்னிக்கு ஸ்டாக் இல்லை"ன்னு பலகை பார்த்தவங்களுக்குச் சந்தேகம் வந்ததையும் நான் குத்தமாச் சொல்ல மாட்டேன்.

[காட்சி: ஆரம்ப சுகாதார நிலையம், ஊசி மருந்துக் குப்பி]

இப்ப ஊசிக்கு வருவோம். 2021 ஏப்ரல் 15-ல நடிகர் விவேக் சென்னையில ஊசி போட்டுக்கிட்டார், 17-ஆம் தேதி மாரடைப்புல காலமானார். அதுக்கப்புறம் ஊருக்குள்ள ஊசிப் பேச்சை எடுத்தாலே "விவேக்குக்கு என்ன ஆச்சு பார்த்தீங்கல்ல"ன்னு பதில் வரும். அந்தச் சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பு இல்லைன்னு மத்திய அரசோட ஆய்வுக்குழு சொன்னப்ப அக்டோபர் ஆயிடுச்சு. பயம் ரெண்டே நாள்ல ஊர் சுத்தி முடிச்சிருந்துச்சு.

பயத்தை விட அழுத்தமான காரணம் காய்ச்சல். கோவிஷீல்டு ஊசியில இருக்கறது, பெருக முடியாதபடி மாத்தின ஒரு சிம்பன்சி வைரஸ். அது கொரோனா வைரஸ் மேல முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கற கூர்ப்புரதத்தைச் செய்யற குறிப்பை நம்ம செல்லுக்குள்ள கொண்டு போய்க் குடுக்குது. உடம்பு அந்தப் புரதத்தைச் செஞ்சு, அதையே எதிரியா அடையாளம் கண்டு சண்டைக்குப் பழகுது. அந்தப் பழக்கத்துலதான் காய்ச்சலும் ஒடம்பு வலியும். பெரும்பாலும் ஒரு நாள், ரெண்டு நாள்ல சரியாயிடும்.

டாக்டர் "ரெண்டு நாள்தான்"னு சொல்றப்ப அது ஆறுதல். பீஸ் ரேட்ல, அதாவது தைச்ச பீசுக்கு மட்டும் கூலின்னு தைக்கற டெய்லருக்கு அது ரெண்டு நாள் சம்பளம். சோமனூர்ல தறி ஓட்டறவருக்கும் அதே கணக்கு. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே நாள் போட்டா நாலு நாள் கூலி. அதனால இந்த வாரம் ஒருத்தரு, அடுத்த வாரம் இன்னொருத்தருன்னு முறை வெச்ச வீடுகள் உண்டுங்க. வெளியில இருந்து பார்த்தா "தயங்கறாங்க"ன்னு தெரியும்.

இன்னொரு இடைஞ்சல் குப்பி. ஒரு கோவிஷீல்டு குப்பியில 10 பேருக்கான மருந்து. தொறந்துட்டா சில மணி நேரத்துக்குள்ள தீத்துடோணும். மூணு பேரு வந்தா நர்சு தொறக்க யோசிப்பாங்க, மிச்சம் வீணாப் போனா அவங்கதான் பதில் சொல்லோணும். "இன்னும் ஆளு சேரட்டும், நாளைக்கு வாங்க"ம்பாங்க. அரை நாள் லீவு போட்டு வந்தவரு மறுபடி வருவாரா? ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குது, நடுவுல ஊசி நின்னு போச்சு.

அப்புறம் இடைவெளி. 2021 மே 13-ல கோவிஷீல்டு ரெண்டாவது டோசுக்கு 12 முதல் 16 வாரம்னு நீட்டினாங்க. "ஸ்டாக் இல்லை, அதான் தள்ளிப் போடறாங்க"ன்னு ஊரே பேசுச்சு. ஆனா பிப்ரவரியிலயே வெளியான ஆய்வுல, 6 வாரத்துக்குள்ள ரெண்டாவது டோஸ் போட்டவங்களுக்கு பலன் 55 சதவீதம், 12 வாரமோ அதுக்கு மேலயோ விட்டுப் போட்டவங்களுக்கு 81 சதவீதம்னு வந்திருந்துச்சு. தட்டுப்பாடும் உண்மை, ஆய்வும் உண்மை. ஆய்வை யாரும் வந்து இங்க சொல்லலை, அவ்வளவுதான்.

கணக்கு தெரிஞ்சு செஞ்ச வேலையும் இருக்குது. மே 20-ஆம் தேதி, 18 முதல் 44 வயசுக்காரங்களுக்கான ஊசியை முதல்வர் தொடங்கி வெச்சது திருப்பூர் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவுல. ஆளுங்க வேலை செய்யற எடத்துக்கே ஊசி வந்தா, அலையற கூலியாவது மிஞ்சும். காய்ச்சல் நாளுக்குச் சம்பளம் யார் குடுக்கறதுங்கறது மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறயா இருந்துச்சு.

[காட்சி: கோவை, பிளேக் மாரியம்மன் கோயில்]

அதே மே மாசம் இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்துல கொரோனா தேவிக்குச் சிலை வெச்சாங்க. வடநாட்டுச் சேனல் வரைக்கும் கேலி பண்ணினாங்க. நூறு வருசம் முன்னாடி பிளேக் வந்தப்ப பிளேக் மாரியம்மனைக் கும்பிட்ட ஊருங்க இது. சாமி கும்பிட்டவங்க ஊசி வேண்டாம்னாங்கன்னு நெனைக்காதீங்க. அம்மனுக்கு வேண்டிக்கிட்டு, டோக்கனுக்கு வெள்ளெனவே வரிசையில போய் நின்னாங்க.

2024-ல மறுபடி கிளம்புச்சு பேச்சு. அரிதா ரத்தம் உறையற பாதிப்பு வரலாம்னு, கோவிஷீல்டை உருவாக்கின அஸ்ட்ராஜெனெகா கம்பெனி லண்டன் கோர்ட்டுல ஒத்துக்கிட்டதா செய்தி. "அப்பவே சொன்னமுல்ல"ன்னாங்க. அது புதுசு இல்லைங்க. 2021 மே-யிலயே நம்ம ஆய்வுக்குழு கோவிஷீல்டு 10 லட்சம் டோசுக்கு 0.61 பேருன்னு கணக்கு சொல்லியிருந்துச்சு. அது ஊசி போட்ட முதல் சில வாரத்துல வர்ற சிக்கல், மூணு வருசம் கழிச்சு வர்றதில்லை. "இளவட்டம் மாரடைப்புல போறது ஊசியாலதான்"ங்கறதுக்கு, 2023-ல ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வு நேர்மாறாச் சொல்லுது. 18 முதல் 45 வயசுல திடீர்ச் சாவு அபாயத்தை ஊசி கூட்டலை, குறைச்சிருக்குது. கொரோனாவுல ஆஸ்பத்திரியில படுத்தது, குடும்பத்துல அப்படிச் சாவு நடந்தது, ஒரே மூச்சுல நெறையக் குடிச்சது, இதெல்லாம்தான் அபாயத்தைக் கூட்டியிருக்குது.

உங்க கம்பெனியில ஊசிக் காய்ச்சலுக்குச் சம்பளத்தோட லீவு விட்டாங்களா, பிடிச்சாங்களா? கீழ எழுதுங்க. கம்பெனி பேரு வேண்டாம், ஊரும் என்ன வேலைங்கறதும் போதும்.