ரயிலடி எடைச் சீட்டும் ஆச்சியின் மறதியும்: பருமன் மரபணுக்கள் மூளையை எப்படித் தொடுகின்றன?

(திரையில்: திறந்த தகரப் பெட்டி. பட்டுச் சேலை மடிப்புக்குள்ளிருந்து ஒரு சிறிய அட்டைச் சீட்டு.)

வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அந்த வீட்டு ஆச்சிக்கு 76 வயது. சொதிக்குத் தேங்காய்ப் பால் பிழிந்து வைத்ததை மறந்து மறுபடியும் தேங்காய் துருவ உட்காருகிறார். பேரனை மகனின் பெயர் சொல்லி அழைக்கிறார். எடை 46 கிலோதான். பரிசோதித்த நரம்பியல் மருத்துவர் எல்லாக் கேள்விகளையும் முடித்துவிட்டு, “50 வயதில் அம்மா எவ்வளவு எடை இருந்தார்கள்?” என்று கேட்கிறார். மகனுக்கு வியப்பு. “இவ்வளவு ஒல்லியா இருக்காகளே, இவுகளுக்குப் போய் உடம்புப் பருமன்னு சொல்லுதீகளே!” என்கிறார்.

பதில் அந்தத் தகரப் பெட்டியில் இருக்கிறது. திருநெல்வேலி சந்திப்பில் ஊருக்குப் போகக் காத்திருந்த ஒரு நாளில், காசு போட்டு ஏறி நின்ற எடை இயந்திரம் துப்பிய சீட்டில் 72 கிலோ என்று அச்சாகியிருக்கிறது. ஆச்சியின் உயரம் 152 சென்டிமீட்டர் என்றால், அன்றைக்கு அவருடைய உடல் எடைக் குறியீடு (கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 31. இந்தியர்களுக்கு 25-ஐத் தாண்டினாலே பருமன் என்று நம் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள்.

மருத்துவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. லண்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் ஒயிட்ஹால் ஆய்வில், 50 வயதில் குறியீடு 30-க்கு மேல் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் டிமென்ஷியா என்ற மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நோய் கண்டறியப்படுவதற்குச் சுமார் 8 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, டிமென்ஷியா வந்தவர்களின் எடை குறையத் தொடங்கிவிட்டது. மறதி வெளியே தெரிவதற்கு முன்பே மூளையில் நோய் வேலையைத் தொடங்கி, பசியையும் ருசியையும் உண்ணும் ஒழுங்கையும் குலைத்துவிடுகிறது. ஆகவே 70 வயதில் எடை பார்க்கும் ஆய்வுக்கு மெலிந்தவர்களே நோயாளிகளாகத் தெரிவார்கள். 2015-இல் பிரிட்டனில் ஏறத்தாழ 20 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை அலசிய ஓர் ஆய்வு, ஒல்லியானவர்களுக்கே டிமென்ஷியா அதிகம் என்று கண்டபோது, பருமன் மூளையைக் காக்கிறதோ என்று பத்திரிகைகள் எழுதவும் செய்தன. எடை நோயைக் கொண்டுவந்ததா, நோய் எடையைக் கொண்டுபோனதா என்ற இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் மரபணு தேவைப்படுகிறது. எடை காலத்துக்குக் காலம் மாறும். கருவிலேயே முடிவான மரபணு எழுத்தை எந்த நோயும் பின்னால் வந்து திருத்த முடியாது.

(திரையில்: இழையிழையாகப் பிரியும் 16-ஆம் குரோமோசோம்.)

பருமன் மரபணுக்களில் முதலில் பெயர் பெற்றது எஃப்.டி.ஓ. இது 16-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 2007-இல் ஐரோப்பியர்களிடம் செய்த ஆய்வில், இதன் ஆபத்தான வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், அதை அறவே பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருந்தார்கள். வியப்பு என்னவென்றால், அந்த எழுத்து மாற்றம் எஃப்.டி.ஓ. உருவாக்கும் புரதத்தை மாற்றுவதே இல்லை. கன்னடியன் அணைக்கட்டில் மதகைத் திறந்தால் அணையடி மண்ணா நனைகிறது? கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி எல்லாம் தாண்டிப் பத்தமடைப் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது. அதுபோல, எஃப்.டி.ஓ.-வுக்குள் கிடக்கும் இந்த மதகு, தொலைவில் இருக்கும் ஐ.ஆர்.எக்ஸ்.3, ஐ.ஆர்.எக்ஸ்.5 என்ற வேறு மரபணுக்களைக் கூட்டிக் குறைக்கிறது என்று 2014, 2015-ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின. கொழுப்பணு கொழுப்பை எரிப்பதா, சேர்த்து வைப்பதா என்பது அந்த மதகைப் பொறுத்தும் அமைகிறது.

எஃப்.டி.ஓ. தனித்து நிற்கவில்லை. 2015-இல் 3,39,224 பேரின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்தபோது, உடல் எடைக் குறியீட்டோடு தொடர்புள்ள 97 இடங்கள் மரபணுத் தொகுதியில் கிடைத்தன. எல்லாம் சேர்ந்தும் மனிதருக்கு மனிதர் காணும் எடை வேறுபாட்டில் 2.7 சதவீதத்தைத்தான் விளக்கின. இவற்றில் பல வேலை செய்யும் இடம் வயிறு அன்று, மூளை. போதும் என்று சொல்லும் உணர்வு, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் சாப்பிட்ட பிறகு அடங்குகிற வேகம், இவையெல்லாம் இந்த எழுத்துகளைப் பொறுத்தும் மாறுகின்றன. இருட்டும் வேளையில் அல்வாக் கடை வாசலில் ஒருவர் 100 கிராமோடு நகர்ந்துவிட, இன்னொருவர் கால் கிலோ கட்டச் சொல்வதற்கு மனவுறுதி மட்டுமே காரணம் என்று இனிமேல் பேசாமல் இருப்பது நல்லது.

பருமன் மரபணு மூளையில் வேலை செய்கிறது என்றால், மறதியையும் அதுவே நேரடியாகக் கொண்டுவருகிறதா? அப்படித் தோன்றும்படி சில முடிவுகள் வந்தன. 2010-இல் நலமாயிருந்த 206 முதியவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, எஃப்.டி.ஓ.-வின் ஆபத்தான வடிவம் உள்ளவர்களுக்கு மூளையின் முன்மடல் சுமார் 8 சதவீதமும் பின்மடல் சுமார் 12 சதவீதமும் சிறுத்திருந்தன. 2011-இல் வெளியான ஸ்டாக்ஹோம் ஆய்வு 1,003 முதியவர்களை 9 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. இரண்டு பக்கமும் ஆபத்தான எஃப்.டி.ஓ. பெற்றவர்களுக்கு, டிமென்ஷியாவில் மிகப் பரவலான வகையான அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருந்தது. அதோடு ஏபோ-ஈ4 என்ற வடிவமும் சேர்ந்தவர்களுக்கு அது இன்னும் கூடியது. ஏபோ-ஈ, உடலில் கொழுப்பைச் சுமந்து செல்லும் ஒரு புரதத்துக்கான மரபணு. அதன் 4-ஆம் வடிவம் அல்சைமருக்கு வலுவான மரபணுக் காரணி என்பது 1993-இலேயே தெரிந்துவிட்டது. எடையைச் சேர்க்கும் மரபணுவும் கொழுப்பைக் கையாளும் மரபணுவும் ஒரே ஆளிடம் கூடும்போது சுமை ஏறுகிறது என்பது நம்பத்தக்கதே. ஆனால் இவை சிறிய ஆய்வுகள்; இவற்றின் மேல் பெரிய கட்டடம் எழுப்ப நான் விரும்பவில்லை.

பெரிய கட்டடம் வேறிடத்தில் எழுகிறது. எடை கூட்டும் மரபணுக்களை நிறையப் பெற்றுப் பிறந்தவர்களையும் குறைவாகப் பெற்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், அல்சைமரோடு தெளிவான நேர்க்கோடு பெரும்பாலும் கிடைக்கவில்லை. இரத்த அழுத்தத்தோடும், சர்க்கரை நோயோடும், பக்கவாதத்தோடும் அந்தக் கோடு தெளிவாகவே இருக்கிறது. அங்கிருந்துதான் மூளைக்கு வழி பிறக்கிறது: உயர்ந்த அழுத்தம் மூளையின் ஆழத்தில் தலைமுடியினும் மெல்லிய குழாய்களைத் தடிக்கச் செய்து, அவை ஊட்டும் நரம்பிழைகளைச் சிறிது சிறிதாகப் பட்டினி போட, யோசிக்கும் வேகமும் திட்டமிடும் திறனும் குறைந்து இரத்தக்குழாய் சார்ந்த டிமென்ஷியா உருவாகிறது. முதியவர்களின் மூளையில் இதுவும் அல்சைமரும் கலந்தே இருப்பது மிகவும் சாதாரணம். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த டிமென்ஷியா ஆணையம் 2024-இல், டிமென்ஷியா வருவதில் மாற்றக்கூடிய காரணிகளுக்கு மொத்தம் 45 சதவீதப் பங்கு என்று கணித்தபோது, பருமனுக்குத் தனியே 1 சதவீதமே கொடுத்தது. கெட்ட கொழுப்புக்கு 7, இரத்த அழுத்தத்துக்கு 2, சர்க்கரைக்கு 2. பருமன் தன் பெயரில் கொஞ்சமும் பிறர் பெயரில் நிறையவும் கடன் வைக்கிறது என்றே இந்தக் கணக்கைப் படிக்கிறேன்.

(திரையில்: தாமிரபரணிக் கரை வயல், நடவு.)

மரபணு எப்போதும் ஒரே குரலில் பேசுவதில்லை. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில், 1942-க்கு முன் பிறந்தவர்களிடம் எஃப்.டி.ஓ.-வுக்கும் எடைக்கும் தொடர்பே காணப்படவில்லை; பின்னால் பிறந்தவர்களிடம் அது வலுத்தது. ஏறத்தாழ 2,18,000 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2011-ஆம் ஆண்டு ஆய்வில், உடலுழைப்பு உள்ளவர்களிடம் இதே மரபணு தரும் பருமன் ஆபத்து சுமார் 27 சதவீதம் தணிந்திருந்தது. ஆச்சியின் ஆச்சி அம்பாசமுத்திரத்து வயலில் இடுப்பொடிய நாற்று நட்டபோதும் இதே எழுத்தைச் சுமந்திருக்கக்கூடும்; அது அவரிடம் வாய் திறக்க வாய்ப்பிருந்திருக்காது.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல், எடை குறைவாக இருக்கும்போதே கொழுப்பு கூடுதலாக இருப்பது. 2004-இல் புணேயைச் சேர்ந்த ஒரு மருத்துவரும் பிரிட்டனைச் சேர்ந்த ஒரு மருத்துவரும் தங்களையே அளந்து லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் குறியீடு 22.3, கொழுப்போ பிரிட்டன்காரருக்கு 9.1 சதவீதம், புணேக்காரருக்கு 21.2. நான்கு ஆண்டுகள் கழித்து, லண்டனில் வாழும் இந்திய வம்சாவளியினரிடையே எம்.சி.4.ஆர். என்ற பசி மரபணுவின் அருகே இடுப்புச் சுற்றளவோடு தொடர்புள்ள மாற்றம் கண்டறியப்பட்டது. ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற இடுப்பு வரம்பை நம் மருத்துவர்கள் எடைக்கு ஈடாக வலியுறுத்துவது அதனால்தான்.

ஆச்சியின் மகன் மரபணுச் சோதனை செய்யலாமா என்று கேட்டால், இப்போதைக்குத் தேவையில்லை என்பதே பெரும்பாலான மருத்துவர்களின் பதிலாக இருக்கும், எஃப்.டி.ஓ. முடிவைக் கொண்டு சிகிச்சையில் மாற்ற எதுவும் இல்லை. மருத்துவர் கேட்பது அந்த எடைச் சீட்டை, பிரஷர் மாத்திரை தொடங்கிய ஆண்டை, சர்க்கரை நோட்டை. இவற்றை வாங்கிப் பார்த்து முடித்த பிறகு, அவர் மகனையும் எடை இயந்திரத்தில் ஏறச் சொல்கிறார். மகனுக்கு வயது 51.